கஞ்சு என்றால் என்ன?

ஐதராபாத் பேகம் பஜாரின் பாத்திரக் கடையொன்றில், உள்ளங்காலில் நெய் தடவித் தேய்க்கும் கிண்ணம் கேட்டேன். முதலாளி இந்தியில் ‘கான்சா வாட்கி’ என்றார். அதையே ‘கஞ்சு கின்னெ’ என்று தெலுங்கில் மாற்றி உள்ளே குரல் கொடுத்தார் கடைப்பையன். பக்கத்தில் நின்ற மராத்தி அம்மாள், தன் வீட்டில் அது ‘காஷாச்சி வாட்டி’ என்றார். 1956 வரை மராத்வாடாவும் ஐதராபாத் ராஜ்யத்தில்தான் இருந்தது. மராத்திப் பேச்சு இந்தக் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. மூன்று பெயருக்கும் வேர் ஒன்றுதான்.

வடமொழியில் ‘கம்ச’ என்பது முதலில் உலோகத்தைக் குறிக்கவில்லை. அதர்வ வேதத்தில் அது ஒரு கலம். பால் கறப்பவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அந்தக் கலத்துக்குரிய உலோகம் ‘காம்ஸ்ய’ ஆயிற்று. தெலுங்கில் அது ‘கஞ்சு’. ஹம்ச என்ற பறவை தெலுங்கில் ‘அஞ்ச’ ஆனதும் இதே ஒலி மாற்றத்தால்தான். நமக்கும் இது பழக்கமானது: கண்ணனின் மாமன் கம்சன், ஆழ்வார் பாசுரங்களில் கஞ்சன்.

உலோகமும் தமிழில் கஞ்சம் ஆனது. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் கஞ்சகாரர் இருக்கிறார்கள். தாளம் போன்றவற்றைக் கஞ்சக்கருவி என்று இசைநூலார் வகைப்படுத்தினர். பாத்திரக் கொல்லரான கன்னாரையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்க ஆசை வரும்; சேர்க்கக் கூடாது. செம்பையும் அதில் செய்யும் வேலைப்பாட்டையும் குறிக்கும் ‘கன்’ என்ற திராவிடச் சொல்லிலிருந்து பிறந்தவர்கள் அவர்கள். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இனி வரும் திருப்பம். கலத்தின் பெயர் உலோகத்துக்குப் போனது. தெலுங்கில் அது மறுபடி கலமாகிவிட்டது. கஞ்சிலிருந்து ‘கஞ்சம்’, அதாவது சாப்பாட்டுத் தட்டு. இன்று எவர்சில்வர் தட்டும் கஞ்சம்தான். தமிழோ இதே உலோகத்துக்குத் தனக்கென்று இன்னொரு பெயரும் கட்டிக்கொண்டு அதே வழியில் நடந்தது. வெண்கலம் என்றால் வெளிறிய கலம். அதுவும் பாத்திரமாக இருந்து உலோகமான சொல்லே. செம்பு ஏறத்தாழ 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு சேரும்போது செம்பின் சிவப்பு வெளிறிவிடுகிறது. அந்த ‘வெண்’ கண்ணால் பார்த்து வைத்த பெயர். ஆதிச்சநல்லூர்க் கலங்களிலும் வெள்ளீயம் ஏறக்குறைய இந்த அளவுக்கு உயர்ந்திருந்ததை உலோகவியலாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

இப்போது மரப்பிடியில் வெண்கலக் குமிழ் பொருத்தி, முகம் தேய்க்க ‘கான்சா வாண்ட்’ என்று விற்கிறார்கள். பாதத்தை வைத்தால் சுழலும் தட்டு ‘காம்ஸ்ய தாலி’. பழைய பேச்சில் வாட்கிக்கு அடைமொழியாக நின்ற உலோகம், இப்போது தனியே ‘கான்சா’ என்று கருவிக்கே பெயராகி நிற்கிறது. ஏதோ புதுச் சரக்கு என்று நம்மவர்கள் வாங்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். தலை, காது, பாதம் இவற்றில் நாள்தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறது ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். அந்த இடத்தில் உலோகத்தின் பேச்சே இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்தது வீட்டுப் பெண்களின் வழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேய்த்தபின் பாதத்தில் படியும் கருமையை, உடம்புச் சூடு இறங்கிய அடையாளம் என்பார்கள். செம்பும் நெய்யின் கொழுப்பும் உரசிக் கலந்த கறை அது. காலுக்குக் கிடைக்கும் இதம் அதனால் குறைவதில்லை.

பித்தளையைக் கஞ்சு என்று விற்பதும் உண்டு. அது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. தெரிந்துகொள்ள மொழியே வழி சொல்கிறது: நாம் வெண்கலக் குரல் என்பதைத் தெலுங்கர் ‘கஞ்சு கண்டம்’ என்கிறார்கள். கடைப்பையன் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரல் முட்டியால் விளிம்பைத் தட்டினான். விலையைப் பேசி முடிக்கும்வரை அது ஒலித்துக்கொண்டிருந்தது.