பஞ்சச் செலவு யார் தலையில்?

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது சேலம் மாவட்டம். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.7 லட்சம் பேர் இருந்த சேலத்தில், 1881இல் இருந்தவர்கள் சுமார் 16 லட்சம்தான்.

மழை பொய்த்தது இயற்கை. அதற்குப் பின் நடந்ததை நாம் அரசின் வரவு செலவுக் கணக்கில்தான் தேட வேண்டும்.

முதலில் செலவைக் குறைத்தார்கள். 1877இல் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்றார். உடலுழைப்பை மட்டுமே நம்பியிருந்த நிலமற்ற நம் முன்னோருக்கு அது அரைவயிற்றுக் கூலி.

பிறகு வரியை ஏற்றினார்கள். சென்னை மாகாணத்தில் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) உப்புக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்த வரி 2 ரூபாய் 8 அணா ஆனது. 1878இல் வந்த உரிம வரி வணிகர்களைப் பிடித்தது. அரசு அதிகாரிகளையும் வக்கீல்களையும் விட்டுவிட்டது. உப்பு வரி யாரையும் விடவில்லை. கொல்லிமலையில் உப்பு விளையாது. மலையாளிப் பழங்குடிகளும் சேரி மக்களும் கூழுக்குப் போட்ட உப்புக்கு, மிராசுதார் கட்டிய அதே வரியைக் கட்டினார்கள்.

அடுத்த பஞ்சத்துக்கென்று ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். ஆப்கன் போர்ச் செலவு ஏறியதும் அந்த ஒதுக்கீட்டை நிறுத்தி வைத்தார்கள்.

தோழர்களே, இன்றும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பிறகு ‘நிவாரணம் எவ்வளவு?’ என்று கேட்கிறோம். அதோடு நிற்கக் கூடாது. அந்தப் பணம் யாரிடம் வாங்கியது, எந்தத் தெருவரை போய்ச் சேர்ந்தது என்றும் கேட்போம்.