குளிரும் ஓய்வும்: கொட்டகலையிலிருந்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

கடும் பனிப்பொழிவுக்குப் பின்னர் ஒற்றைப் பலகையிற் காலூன்றி மலைச்சரிவில் வழுக்கி இறங்கும் பனிச்சறுக்கு, இன்று செல்வ நாடுகளிற் பெருந்தொகையினர் ஈடுபடும் விளையாட்டாகும். அவ்விளையாட்டுக்கும் கொட்டகலைக்கும் யாது தொடர்பு என வினவப்படலாம். இலங்கையின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர் உயரமுடையது. அங்கும் வெண்பனி படிந்து கிடப்பதில்லை. ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள கொட்டகலையில் மூடுபனியும் தென்மேற்குப் பருவக்காற்றின் ஓயா மழையுமே குளிரின் வடிவங்கள். ஆயினும், மலையையும் குளிரையும் இன்பத்துக்குரிய பொருள்களாக்கிய வரலாற்றின் ஒரு கிளை அல்ப்ஸ் மலைகளிலும் மற்றொரு கிளை எமது மலையகத்திலும் ஓடிற்று என்பது எமது கருத்து.

தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல் இலையிற் படியும் துளியையும், பள்ளத்தை மூடும் புகாரையும், வெள்ளிய உறைபனியையும் ஒருங்கே சுட்டி நிற்கின்றது. தொல்காப்பியர் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகளாக வகுத்தார். அக்குறிஞ்சியின் குளிர் காதலர்க்குரியது. அதிகாலையில் வேலைக்கு அணிவகுத்து நிற்போரின் குளிர் அவ்விலக்கணத்துள் அடங்குவதன்று.

பனிச்சறுக்குக் கட்டை ஆதியில் உழைப்புக் கருவியாகும். நோர்வே முதலிய வடபுல நாடுகளில் உழவரும் வேடரும் பனிக்காலத்தில் ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லவே அதனைப் பயன்படுத்தினர். அது ஓய்வு வர்க்கத்தின் விளையாட்டாக மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1864 இல் சுவிற்சர்லாந்தின் சென் மொறிற்ஸ் என்னும் ஊரில் விடுதி நடத்திய யொகான்னஸ் பட்றுட், கோடையில் வந்த ஆங்கிலேய விருந்தினரைக் குளிர்காலத்திலும் வந்து தங்குமாறு பந்தயம் கட்டி அழைத்தார் எனக் கூறுவர். 1884-85 குளிர்காலத்தில் அவ்வூரில் 'கிறெஸ்ரா' எனப்படும் சறுக்குத் தடம் அமைக்கப்பட்டது. ஒற்றைப் பலகைச் சறுக்கு மிகப் பிந்தியது. 1965 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சேர்மன் பொப்பன் என்பவர் தம் பிள்ளைகளுக்காக இரு கட்டைகளை இணைத்து உருவாக்கிய விளையாட்டுப் பொருள் அதன் முன்னோடியாகும். 1998 இல் ஜப்பானின் நகானோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் அது முதன்முறையாக இடம்பெற்றது.

அல்ப்ஸ் மலையிற் குளிரைத் துய்த்த அதே ஆங்கில உயர்குடியின் உறவினரே இலங்கை மலைகளிலும் தமக்கொரு குளிர்ப்புலத்தை அமைத்தனர். 1819 இல் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அதனைப் படையினரின் உடல்தேற்று நிலையமாக்கினார். சாமுவேல் பேக்கர் 1848 இல் ஆங்கிலேயக் குடியேற்றமொன்றை அங்கு நிறுவி, வேட்டைநாய்களுடன் மரைகளைத் துரத்தினார். 1876 இல் ஹில் கிளப்பும், 1889 இல் கொல்ப் கழகமும் தோன்றின. குதிரைப் பந்தயமும் அக்காலத்திலேயே வேரூன்றியது. டிக்கோயாவில் தரவளைக் கழகமும் டிம்புள்ளப் பகுதியில் ரதல்லைக் கழகமும் துரைமாரின் விளையாட்டுக் களங்களாயின. கொட்டகலை இவ்விரு பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கும் இடையே கிடப்பதாகும்.

கிறெஸ்ராத் தடம் அமைந்த ஆண்டுகளிலேயே எமது மலைகளில் இருப்புப்பாதை ஏறிற்று. 1884 இல் ஹற்றனையும், 1885 இல் நானுஓயாவையும் அது அடைந்தது. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் 500 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. இப்பாதை கீழே தேயிலையைக் கொண்டு சென்றது. மேலே, ஓய்வு நாடிய கனவான்களைக் கொண்டு வந்தது. தோட்டங்களுக்கான அரிசியும் தொழிலாளரும் மூன்றாம் வகுப்பிலும் சரக்குப் பெட்டிகளிலும் வந்தமையைச் சுற்றுலா நூல்கள் பெரிதும் பேசுவதில்லை.

திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய வெப்பச் சமவெளிகளிலிருந்து வந்த மக்களுக்கு இக்குளிர் முன்னறியாத பகையாய் இருந்தது. தொடக்ககால இறப்புகளிற் குளிரும் ஈரமும் பசியும் ஒன்றையொன்று வளர்த்தன. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இந்நிலையிற் பிறந்ததேயன்றி, துரைமாரின் கருணையிற் பிறந்ததன்று. குளிரைத் தாங்கக் கொடுக்கப்பட்டது கம்பளி. அது கொடையுமன்று: அரிசியைப் போன்றே கம்பளியின் விலையும் தொழிலாளியின் பெயரிற் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. குளிருக்கான கூலியைக் குளிர்ந்தவரே செலுத்தினர் எனலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவில், அடுப்புப் புகையே வெப்பம். அப்புகையே மார்புநோய்க்கும் வழி. விடியுமுன் தப்பொலி கேட்டுப் பெரட்டுக் களத்தில் நின்ற பெண், கம்பளியைத் தலையிலும் படங்கை இடுப்பிலும் கட்டி, நனைந்த செடிகளுக்கிடையே மலை ஏறினாள்.

சரிவு என்பதன் பொருளும் இங்கு வேறாகின்றது. பனிச்சறுக்குவோர் எந்திரக் கயிற்றில் மேலேறிச் சரிவில் இறங்குவதையே இன்பமாகக் கொள்வர். செங்குத்து மிகுந்த சரிவு மதிப்பும் மிகுந்தது. கொழுந்து பறிப்பவர் அதே சரிவில் கூடைச் சுமையோடு ஏறி இறங்கி நிறுவைக்குச் செல்லவேண்டும். அங்கு நிறை குறைந்தால் அரைப்பேர். பொருளியல் ஆய்வுகள் சம்பளத்தை எண்ணின, ஏற்றத்தை எண்ணவில்லை.

சனவரி, பெப்ரவரி மாதங்களில், வானம் தெளிந்து காற்றசையாத இரவுகளில், நுவரெலியாப் பள்ளங்களில் உறைபனி படிகின்றது. நிலம் வெப்பத்தை இழக்க, கனத்த குளிர்காற்று தாழ்விடங்களிலே தேங்குவதே இதற்குக் காரணம். நாளேடுகள் இதனை அழகுக் காட்சியாக வெளியிட, அதனைக் காணப் பயணிகள் திரள்வர். செடியின் தளிரோ ஒரே இரவிற் கருகும். கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். ஒரே பனி ஒருவருக்குக் காட்சி, மற்றவருக்குச் சம்பள இழப்பு.

1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே நாடற்றோர் நிலை பெருமளவு தீர்ந்தது. இவ்விடைக்காலத்தில் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்துக்குட்பட்டன. லயத்தின் குளிர் பெரிதும் மாறவில்லை. 1983 இன் பின் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் குடியேறிய இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் பனிச்சறுக்கைப் பள்ளிக்காலத்திலேயே பழகும் வாய்ப்புப் பெற்றுள்ளனர். அதனை நாம் பழிக்கவில்லை. ஓய்வு மனிதரின் உரிமை. ஆனால் அவ்வுரிமை எவ்வுழைப்பின் மேல் எங்கு விளைந்தது என்பது ஆராயத்தக்கது.

கழகங்களின் வரலாறுகள் பந்தயக் கிண்ணங்களை வரிசையிட்டுள்ளன. அவற்றின் அருகே கம்பளிப் பற்றுக் கணக்குகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் வைத்துப் படிக்கும் ஆய்வு இன்னும் போதியளவு நிகழவில்லை. முதியோரின் வாய்மொழிச் சான்றுகள் விரைவாக மறைந்து வருகின்றன. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும், அதனை அடுத்த பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்விக் கல்லூரியிலும் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவற்றைத் திரட்டுதல் எட்டாத பணியன்று. பத்தனை என்னும் பெயரே புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை நினைவூட்டுவது. அங்கு எஞ்சியுள்ள புற்சரிவுகளில் உரச்சாக்கை விரித்து வழுக்கி இறங்கும் சிறுவரை நாம் கண்டிருக்கிறோம். அவ்விளையாட்டுக்குக் கழகமுமில்லை, எழுதப்பட்ட வரலாறுமில்லை. வெயிலுள்ள ஞாயிறுகளில் அது தவறாமல் நடைபெறுகின்றது.