வெப்பநிலை

வெப்பநிலை என்பது ஒரு பொருளின் சூட்டையும் குளிர்ச்சியையும் எண்ணால் குறிக்கும் இயற்பியல் அளவாகும். தொட்டிருக்கும் இரு பொருள்களில் வெப்பம் எதிலிருந்து எதற்குப் பாயும் என்பதைத் தீர்மானிப்பது இதுவே. இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்ததும் அப்பாய்வு நின்றுவிடும்.

வெயில், வெந்நீர், வெம்மை ஆகியவற்றோடு வேர் உறவுடைய 'வெப்பம்' என்பதும், 'நில்' என்னும் வினையடியாகப் பிறந்த 'நிலை' என்பதும் இணைந்து இச்சொல் அமைந்தது. நார்வே மொழி உள்ளிட்ட பல ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'டெம்பரத்தூர்' முதலிய வடிவங்கள், அளவான கலவையைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் மேற்கொண்ட முயற்சியாலும், 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட கலைச்சொல் தொகுதியாலும் வலுப்பெற்றது. பழைய நூல்களில் வழங்கிய 'உஷ்ணநிலை' காலப்போக்கில் 'வெப்பநிலை'க்கு இடம் விட்டது.

வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தப்படும் ஆற்றல். வெப்பநிலை என்பது பொருளின் அப்போதைய நிலை. ஒரு குடம் வெந்நீரிலிருந்து ஒரு செம்பு நீரை மொண்டால், இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகவே இருக்கும். ஆயினும் குடத்து நீர் ஆறும்போது வெளிவிடும் வெப்பம் மிகுதி. வெப்பநிலையின் அனைத்துலக அலகு கெல்வின். அதன் சுழியம் -273.15 பாகை செல்சியசுக்குச் சமம்.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இவ்வளவின் இயல்பை விளக்கப் பொருத்தமான நிலப்பகுதியாகும். மேலெழும் காற்று, அழுத்தம் குறைவதால் விரிந்து குளிர்வதால், உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலுள்ள தேனியைவிட, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலை, இக்கணக்கின்படி, 7 முதல் 8 பாகை வரை குளிர்ந்திருக்கும். மழையளவோடு இவ்வேறுபாடும் சேர்ந்தே, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையைப் பள்ளத்தாக்கிலும், ஏலத்தையும் தேயிலையையும் மலைகளிலும் விளையச் செய்கிறது.

பேச்சுவழக்கின் வெக்கை, புழுக்கம் என்பன உடல் உணர்வைக் குறிப்பவை. காற்றின் ஈரப்பதம் மிகுந்தால், வெப்பநிலை உயராதபோதும் புழுக்கம் கூடும். எனவே வெப்பமானி காட்டும் அளவை 'வெப்பம்' என்று மட்டும் எழுதுவதைவிட 'வெப்பநிலை' என்று எழுதுவதே துல்லியமானது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்கள் இச்சொல்லையே ஆளுகின்றன.