பட்டதாரிகளும் தாதியியற் கல்வியும்: அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம்

ஒரு தொழிலின் வரலாற்றை அத்தொழிலில் ஈடுபட்டோரின் சாதனைகளைக் கொண்டு எழுதுவதே பெருவழக்காகும். ஆயின், அத்தொழிலுக்குள் நுழைய அனுமதிக்கப்பட்டோர் யாவர், வாயிலிலேயே தடுக்கப்பட்டோர் யாவர் என்னும் வினாவை முன்வைத்து நோக்குமிடத்து அதே வரலாறு வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது. தாதியர் தொழில் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வரலாறு, இலக்கியம், வணிகம் போன்ற வேறு துறையொன்றில் ஏற்கெனவே பட்டம் பெற்று, வேறு தொழிலில் ஈடுபட்டிருக்கும் ஒருவர், 11 முதல் 18 மாதங்களுக்குள் தாதியியலில் இளமாணிப் பட்டம் பெறுவதற்கான துரிதப் பட்டநெறிகள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. இவை அண்மைக்காலப் புதுமையாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும் இவற்றின் வேர்கள் 1918ஆம் ஆண்டளவுக்குப் பின்னோக்கிச் செல்கின்றன. அவ்வேர்களை ஆராயும்போது, பட்டதாரிகளுக்குத் தாதியர் கல்வியின் வாயில் திறக்கப்பட்டதற்குத் தேவையின் நெருக்கடி காரணமாயிருந்தது என்பதும், அது நிலையாகத் திறந்திருப்பதற்கு அக்கல்வியின் இயல்பே மாறவேண்டியிருந்தது என்பதும் புலனாகும்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் 1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி ஆரம்பிக்கப்பட்டது. அதன் முன்மாதிரியைத் தழுவி 1873இல் நியூயோர்க், நியூஹேவன், பொஸ்ரன் ஆகிய மூன்று நகரங்களில் பள்ளிகள் தோன்றின. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகளின் தொகை 400ஐத் தாண்டியது. இவ்வளர்ச்சியைக் கல்வி ஆர்வத்தின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பயிலும் மாணவியரே நோயாளர் விடுதிகளின் பணிகளில் பெரும்பகுதியை ஆற்றினர். ஆகவே, வைத்தியசாலை ஒன்று தாதியர் பள்ளியை நிறுவுவதென்பது மிகக் குறைந்த செலவில் உழைப்பாளரைப் பெற்றுக்கொள்வதாகவும் அமைந்தது.

இவ்வமைப்பின் பொருளாதார அடிப்படையை மனங்கொள்ளாது பின்வந்த மாற்றங்களை விளங்கிக்கொள்ள முடியாது. பயிற்சிக்காலம் படிப்படியாக மூன்றாண்டுகளாக நீண்டது. அறிவைப் பெறுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதோடு, விடுதிகளை நடத்துவதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதும் அக்கால எல்லையை நிருணயித்தது. மாணவி முன்னர் எதனைக் கற்றிருந்தாள் என்பது இங்கு பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை. கல்லூரியில் இரசாயனவியல் கற்றவளுக்குப் பயிற்சிக்காலத்தைக் குறைப்பதென்றால், வைத்தியசாலை தனது உழைப்பாளர் ஒருவரை அத்தனை மாதங்களுக்கு இழக்கவேண்டியதாகும்.

முன்னனுபவம் கணக்கிற் கொள்ளப்படாமைக்கு மேரி எலைசா மஹோனியின் வாழ்க்கையும் சான்று பகரும். 1845இல் பிறந்த இக்கறுப்பினப் பெண்மணி, பொஸ்ரனிலிருந்த பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான நியூ இங்கிலாந்து வைத்தியசாலையில் சமையல், சலவை, துப்புரவு ஆகிய வேலைகளைப் பல்லாண்டுகள் செய்தவர். 1878இல், தமது முப்பத்துமூன்றாவது வயதில், அதே வைத்தியசாலையின் தாதியர் பள்ளியில் அனுமதி பெற்றார். பதினாறு மாதப் பயிற்சியை முழுமையாக நிறைவேற்றி 1879இல் வெளியேறினார். அவரோடு பயிற்சியைத் தொடங்கியோருள் மிகச் சிலரே அதனை முடித்தனர். அமெரிக்காவில் முறையான பயிற்சி பெற்ற முதலாவது கறுப்பினத் தாதியாக அவர் போற்றப்படுகின்றார். நோயாளரிடையே கழிந்த அவரது நீண்டகால உழைப்பு பயிற்சியை ஒரு நாளேனும் குறைக்கவில்லை. நாட்டின் பெரும்பாலான பள்ளிகள் அவருடைய இனத்தவருக்கு அக்காலத்தில் மூடப்பட்டேயிருந்தன. 1891இல் சிக்காகோவில் புரொவிடென்ற் வைத்தியசாலை அதன் பள்ளியோடு தோற்றுவிக்கப்பட்டமை இப்புறக்கணிப்பின் நேரடி விளைவாகும்.

இதற்கிடையில் தாதியியல் பல்கலைக்கழகத்தை நோக்கி மெல்ல நகரலாயிற்று. 1899இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற தாதியருக்கென ஒரு பாடநெறி தொடங்கப்பட்டது. அங்கு 1907இல் மேரி அடிலெயிட் நட்டிங் தாதியியற் பேராசிரியரானார். உலகில் இப்பதவியை வகித்த முதல்வர் இவரே. 1909இல் மினசோற்றாப் பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே ஒரு தாதியர் பள்ளியை நிறுவியது. எனினும், வேறு துறைப் பட்டதாரிகளின் கல்வி கணக்கிற் கொள்ளப்படுவதற்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது.

1917இல் அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியதும் தாதியர் பற்றாக்குறை கடுமையாக உணரப்பட்டது. இதனை ஈடுசெய்யும் பொருட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தினதும் தேசிய பாதுகாப்புப் பேரவையினதும் ஆதரவுடன், 1918 கோடையில் நியூயோர்க் மாநிலத்து வாசர் பெண்கள் கல்லூரியில் ஒரு பயிற்சி முகாம் நடத்தப்பட்டது. அனுமதிக்கான அடிப்படைத் தகுதி கல்லூரிப் பட்டமாகும். நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் கற்ற நானூறுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கு கூடினர். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், பற்றீரியவியல், இரசாயனவியல், போசாக்கு முதலிய பாடங்கள் பன்னிரண்டு வாரங்களில் கற்பிக்கப்பட்டன. அதன்பின் மாணவியர் பல்வேறு வைத்தியசாலைப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றாண்டுப் பயிற்சி அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டாகக் குறைக்கப்பட்டது. பட்டதாரியின் முன்னைய கல்விக்குக் கால அளவில் மதிப்பளித்த முதற்பெரும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

இம்முகாமில் பயின்றோருள் கதரின் டென்ஸ்போர்ட் என்பவரின் வரலாறு கலைப்பீட மாணவர்க்குச் சிறப்பாகக் கருத்தூன்றத் தக்கது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் முதுமாணிப் பட்டம் பெற்று ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், 1918இல் வாசர் முகாமிற் சேர்ந்து தாதியானார். 1930 முதல் 1959 வரை மினசோற்றாப் பல்கலைக்கழகத் தாதியர் பள்ளியின் பணிப்பாளராக விளங்கினார். 1944 முதல் 1948 வரை அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைமையும் அவரிடமிருந்தது. வரலாறு கற்றவர் நோயாளர் பராமரிப்புக்குப் பொருந்தார் என்னும் எண்ணம் எத்துணை வலுவற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1918 நவம்பரில் யுத்தம் ஓய்ந்தது. முகாமும் மீண்டும் கூடவில்லை. நெருக்கடி திறந்த வாயிலை நெருக்கடியின் முடிவு சாத்திவிட்டது. ஆயினும் அது எழுப்பிய வினா மறையவில்லை. தொழிலாளரின் வேலைநேரம் பற்றிய ஆய்வுகளால் அறியப்பட்டிருந்த ஜோசபின் கோல்ட்மார்க், ரொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவுடன் தாதியர் கல்வியை ஆராய்ந்து 1923இல் அறிக்கை வெளியிட்டார். வைத்தியசாலையின் தேவைகளுக்கு மாணவியரின் கல்வி பலியிடப்படுவதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில், அந்நிதியத்தின் பொருளுதவியுடன், அனி குட்றிச்சை முதற் பீடாதிபதியாகக் கொண்டு யேல் பல்கலைக்கழகத் தாதியர் பள்ளி தோன்றியது. இங்கு பாடநெறி கல்வியின் தேவைக்கமைய வகுக்கப்பட்டது. 1934இல் இப்பள்ளி, அனுமதி பெற விரும்புவோர் இளமாணிப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டுமென விதித்தது. வாசரில் ஒரு கோடைக்கால ஏற்பாடாக இருந்த தகுதி இங்கு ஒரு நிறுவனத்தின் நிலையான விதியாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் மற்றொரு விரைவைக் கொணர்ந்தது. 1943இல் நிறைவேறிய போல்ற்றன் சட்டத்தின்கீழ்த் தாதியர் மாணவர் படை அமைக்கப்பட்டது. கல்விக் கட்டணத்தையும் சீருடையையும் கைச்செலவுத் தொகையையும் அரசு வழங்கியது. 36 மாதப் பயிற்சி 30 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. இன, நிற வேறுபாடு காட்டலாகாதெனச் சட்டம் விதித்தது. 1948 வரை ஏறத்தாழ 1,24,000 பெண்கள் இத்திட்டத்தின்கீழ்ப் பயிற்சியை நிறைவுசெய்தனர். அவர்களுள் கறுப்பினத்தவர் 3,000 பேரளவினராவர். பயிற்சிக்காலத்தைச் சுருக்கலாம் என்பதையும், கட்டணச் சுமை நீங்கின் பலர் முன்வருவர் என்பதையும் இத்திட்டம் மெய்ப்பித்தது.

ஆயினும் யுத்தத்திற்குப் பின்னர்ப் பட்டதாரிகளுக்கான வழி அகன்றுவிடவில்லை. யேல் பள்ளியே தனது அடிப்படைத் தாதியர் பயிற்சியை 1950களில் கைவிட்டது. நிலையான மாற்றத்திற்கு வேறொரு முன்நிபந்தனை நிறைவேறவேண்டியிருந்தது. 1965இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், தாதியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களிலேயே நிகழவேண்டும் என்னும் நிலைப்பாட்டை அறிவித்தது. தாதியியல் ஒரு பல்கலைக்கழகப் பட்டமாக வலுப்பெற்றபோது, அதன் பாடங்களில் ஒரு பகுதி பொதுக்கல்வி என்பதும், வேறு துறைப் பட்டதாரி அப்பகுதியை ஏற்கெனவே முடித்திருப்பவர் என்பதும் வெளிப்படையாயின. எனவே, எஞ்சிய தாதியியற் பாடங்களையும் நோயாளர் விடுதிப் பயிற்சியையும் மட்டும் செறிவாகக் கற்பித்தல் போதுமானதாயிற்று. 1971இல் மிசூரி மாநிலத்துச் சென்ற் லூயிஸ் பல்கலைக்கழகம் துரித இளமாணிப் பட்டநெறியைத் தொடங்கியது. 1974இல் யேல் பள்ளியும் வேறு துறைப் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டு முதுமாணிப் பட்டநெறி மூலம் தனது வாயிலை மீண்டும் திறந்தது.

தடுக்கப்பட்டோர் வரிசையில் ஆண்களும் இருந்தனர். மிசிசிப்பி மாநிலத்தில் தாதியாகப் பணியாற்றிய ஜோ ஹோகன் என்பவர் இளமாணிப் பட்டம் பெற விரும்பி, தம் ஊரிலேயே அமைந்திருந்த மாநிலப் பெண்கள் பல்கலைக்கழகத்தின் தாதியர் பள்ளிக்கு விண்ணப்பித்தார். ஆண் என்னும் காரணத்தால் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1982இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் இம்மறுப்பு அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையினரின் தீர்ப்பை எழுதியவர் அந்நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரான சாண்ட்ரா டே ஓகொனர் ஆவார். தாதியர் தொழில் பெண்களுக்கே உரியது என்னும் பழைய எண்ணத்தை இத்தகைய விலக்கு நிலைபெறச் செய்கின்றது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்றாகும்.

1990இல் 31 ஆக இருந்த துரித இளமாணிப் பட்டநெறிகள் 2013இல் 293 ஆகப் பெருகின. ஆயினும் வாயில் அகன்றதென்பதனால் நுழைவு எளிதாயிற்று என்று கொள்ளலாகாது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனவியல், புள்ளிவிபரவியல் முதலிய பாடங்களை விண்ணப்பதாரர் முன்னரே கற்றிருத்தல் வேண்டும். முதற்பட்டத்திற் சிறந்த பெறுபேறும் எதிர்பார்க்கப்படுகின்றது. கலைத்துறைப் பட்டதாரி ஒருவர் இப்பாடங்களை முடிப்பதற்கே ஓராண்டோ அதற்கு மேலோ செலவிட நேரலாம். கற்கும் காலத்தில் வேலை செய்வது பெரும்பாலும் இயலாது. முதற்பட்டம் பெற்றவர்க்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிட்டுவதுமில்லை. 2008இல் றொபேட் வூட் ஜோன்சன் நிதியம் இத்தகையோர்க்கு 10,000 டொலர் புலமைப்பரிசில்களை வழங்க முன்வந்தமை இக்குறையை உணர்ந்தேயாகும். விரிவுரையாளரும் பயிற்சிக் களங்களும் போதாமையும் மற்றொரு தடையாகும். 2018இல் மட்டும் தாதியியற் பட்டநெறிகளுக்கு வந்த தகுதியுள்ள விண்ணப்பங்களில் 75,000க்கு மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. தாதியர் பற்றாக்குறை பேசப்படும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இரு முடிபுகள் பெறப்படும். முதலாவது, மாணவர் மலிவான உழைப்பாளராகக் கருதப்பட்டவரை அவர்தம் முன்னைய கல்வி மதிப்புப் பெறவில்லை. அவர் கற்பவராக ஏற்கப்பட்ட பின்னரே அவர் ஏற்கெனவே கற்றது என்ன என்னும் கேள்வி நிலைபெற்றது. இரண்டாவது, அம்மதிப்பும் பட்டம் என்னும் சான்றிதழுக்கே பெரும்பாலும் கிடைத்தது. டென்ஸ்போர்ட்டின் வரலாற்றுப் பட்டம் அவரது பயிற்சிக்காலத்தைக் குறைத்தது. மஹோனியின் பல்லாண்டு வைத்தியசாலை உழைப்பு அதனைச் செய்யவில்லை. தொழில் மாறி வருவோர் தம்முடன் கொண்டுவரும் அறிவில் எதனைக் கல்வியாக ஏற்பது, எதனை ஏற்காது விடுவது என்னும் வினாவுக்கு விடைகாணும் பொறுப்பு பல்கலைக்கழகங்களைச் சார்ந்ததாகும்.