சேது லட்சுமி பாயி

பூராடம் திருநாள் சேது லட்சுமி பாயி (நவம்பர் 9, 1895 – பெப்ரவரி 22, 1985) திருவிதாங்கூர் சமத்தானத்தை 1924 முதல் 1931 வரை ஆட்சி செய்த மகாராணி ஆவார். பட்டத்துக்குரிய சித்திரைத் திருநாள் பலராம வர்மா சிறுவராக இருந்தமையால், அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இன்றைய தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டையும், இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அக்காலத்தில் இவரது ஆட்சியின் கீழ் இருந்தன.

பிறப்பும் தத்தெடுப்பும்

இவர் மாவேலிக்கரையில் பிறந்தார். தாயார் ஓவியர் இராசா ரவி வர்மாவின் மகள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் வழி பின்பற்றப்பட்டது. அரசனுக்குப் பின் அவனது சகோதரியின் மகனே அரியணை ஏறுவான். எனவே பெண் வாரிசு இல்லையெனில் அரச மரபே அற்றுப்போகும். அந்நிலை ஏற்பட்டபோது, ஆற்றிங்கல் மூத்த ராணி லட்சுமி பாயி தம் தங்கையின் பேத்திகள் இருவரை 1900 ஆம் ஆண்டில் தத்தெடுத்தார். ஒருவர் சேது லட்சுமி பாயி. மற்றவர் அவரின் சிற்றன்னை மகளான சேது பார்வதி பாயி. மறு ஆண்டே லட்சுமி பாயி இறந்ததால், சேது லட்சுமி பாயி ஐந்து வயதில் மூத்த ராணி ஆனார். 1906 இல் அரிப்பாட்டைச் சேர்ந்த இராம வர்மாவுடன் திருமணம் நடந்தது. இவர்களுக்கு இரு மகள்கள்.

இளைய ராணியான சேது பார்வதி பாயிக்கே முதலில் மகன் பிறந்தான் (1912). அக்குழந்தையே பின்னாளில் மன்னரான சித்திரைத் திருநாள்.

ஆட்சி

மன்னர் மூலம் திருநாள் 1924 ஆகத்து மாதம் மறைந்தார். செப்டம்பர் 1 அன்று சேது லட்சுமி பாயி முழு அதிகாரத்துடன் ஆட்சியேற்றார். அப்போது அவருக்கு வயது 28. பெண்ணொருவர் திருவிதாங்கூரை ஆள்வது புதிதன்று; கௌரி லட்சுமி பாயியும் கௌரி பார்வதி பாயியும் 1810 முதல் 1829 வரை அடுத்தடுத்து ஆண்டுள்ளனர். இருப்பினும் ஆங்கில அரசு இவரைப் பதில் ஆளுநராகவே கருதியது.

வைக்கம் போராட்டம் அப்போது உச்சத்தில் இருந்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்கத் தடை இருந்தது. ஈ. வெ. இராமசாமி உள்ளிட்டோர் சிறையில் இருந்தனர். ராணி ஆட்சியேற்றதை ஒட்டிப் போராட்டக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் தெருக்களைத் திறந்துவிடும் தீர்மானம் 1925 பெப்ரவரியில் சட்டசபையில் 22க்கு 21 என்ற கணக்கில், ஒரே வாக்கில் தோற்றது. மார்ச்சில் காந்தி வர்க்கலையில் ராணியைச் சந்தித்தார். ஆடம்பர நகைகள் அணிந்த ஒருவரை எதிர்பார்த்துச் சென்ற தாம், எளிய தோற்றமுடைய இளம்பெண்ணைக் கண்டதாக அவர் பின்னர் எழுதினார். 1925 நவம்பரில் கிழக்குத் தெரு தவிர ஏனைய தெருக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. இதனை வெற்றி என்போரும் அரைகுறைத் தீர்வு என்போரும் உண்டு. 1926 இல் சுசீந்திரத்தில் எம். இ. நாயுடு தலைமையில் இதேபோன்ற போராட்டம் தொடங்கியதை நோக்க, வைக்கத்தோடு சிக்கல் தீரவில்லை என்பது தெளிவு. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 இல், சித்திரைத் திருநாள் காலத்திலேயே வந்தது.

மருமக்கள் வழி

இவரது ஆட்சியின் மிகப் பெரிய சட்ட மாற்றம் இத்துறையிலேயே நிகழ்ந்தது. 1925 ஆம் ஆண்டு நாயர் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிசெய்து, மருமக்கள் வழியை நடைமுறையில் முடிவுக்குக் கொண்டுவந்தது. தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் 1926 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இம்முறையால் மனைவியும் பிள்ளைகளும் படும் துன்பத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்ற நூலில் முன்பே எள்ளலாகப் பாடியிருந்தார். ராணி அரியணைக்கு வரக் காரணமான முறையே அவரது கையொப்பத்தால் குடிமக்களிடையே முடிவுக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அரச குடும்பத்தின் பட்ட உரிமையில் மட்டும் அம்முறை நீடித்தது.

ஏனைய நடவடிக்கைகள்

கோயில்களில் உயிர்ப்பலியை 1925 இலும், தேவதாசி முறையை 1930 இலும் ஒழித்தார். ஊராட்சிகளுக்கான சட்டம் 1925 இல் வந்தது. 1929 இல் திருவனந்தபுரம் மின்விளக்கு வசதி பெற்றது. மருத்துவர் மேரி புன்னன் லூக்கோசு மருத்துவத் துறையில் தலைமைப் பொறுப்புப் பெற்றார். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு இது அரிய பதவியாகும். 1925 இல் திவானாக வந்த எம். இ. வாட்சு கிறித்தவர் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. நாளிதழ்களின் கண்டனம் மிகவே, 1926 இல் செய்தித்தாள் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சீர்திருத்தவாதியாகப் போற்றப்படும் ராணியின் ஆட்சியில் இது ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது.

தமிழ்ப் பகுதிகள்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ் வட்டங்கள் திருவிதாங்கூரில் இருந்தன. செங்கோட்டைக்கு அருகிலுள்ள குற்றாலமோ ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் அருவிக்கரையில் திருவிதாங்கூர் அரண்மனை ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அச்சன்புதூர், செங்கோட்டை, குற்றாலம் ஆகியவை 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளன.

பிற்காலம்

1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் ஆட்சியேற்றதும் ராணி பொதுவாழ்விலிருந்து விலகினார். இளைய ராணியின் குடும்பத்துடன் இருந்த கசப்பும் இதற்கு ஒரு காரணம். இந்திய விடுதலைக்குப் பின் 1950களின் இறுதியில் பெங்களூரில் குடியேறி, எவ்விதப் பட்டச் சடங்குமின்றி வாழ்ந்தார். கோவளத்திலிருந்த அவரது கடற்கரை மாளிகை 1964 இல் அரசிடம் விற்கப்பட்டது. அவர் வசித்த பூசப்புரை சாட்டல்மண்டு அரண்மனையில் பின்னர் சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழினுட்பப் பிரிவு அமைந்தது. மன்னர் மானியம் 1971 இல் ஒழிக்கப்பட்டது. 1985 இல் பெங்களூரில் தமது 89 ஆம் வயதில் காலமானார். இவரது வாழ்க்கையை மையமாகக் கொண்டு மனு எஸ். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நூல் 2015 இல் வெளியானது. ஓவியர் ருக்மிணி வர்மா இவரின் பேத்தி ஆவார்.