கெலி மீனும் காய்கறியும்: ஒரே தண்ணீரில் இரண்டு அறுவடை

ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் மீன் வளர்ப்பது பேராக்கிற்குப் புதிதல்ல. ஆனால் குட்டை இல்லாதவர்களும், பழைய ரப்பர் தோட்டப் பகுதியில் வீட்டுப் பின்புறம் கொஞ்சம் இடம் இருந்தால், ஒரு தொட்டியில் கெலி மீனையும் அதன் தண்ணீரில் காய்கறியையும் வளர்க்கலாம்.

ஏன் கெலி?

கெலி, நீரின் மேல்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் தாங்கும். மூன்று, நான்கு மாதங்களில் விற்பனைக்குத் தயாராகும்.

தண்ணீர் எப்படி உரமாகிறது?

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடிகளுக்கு நைட்ரேட் நல்ல உணவு.

எதை நடலாம்?

கங்கோங் கீரை தண்ணீரிலேயே வேர் விடும். இந்தோனேசியாவில் 80 லிட்டர் வாளியில் கெலியை விட்டு, விளிம்பில் தொங்கும் கப்புகளில் கங்கோங் வளர்க்கும் முறை பிரபலம். மூன்று, நான்கு வாரத்தில் கீரையை அறுக்கலாம். வாழை, பப்பாளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை மண்ணில் நட்டு, தொட்டித் தண்ணீரையும் அடி வண்டலையும் ஊற்றுங்க.

லாபம் வருமா?

உரச் செலவு குறையும். ஆனால் தீவனச் செலவு குறையாது. மீன் வளர்ப்பில் அதுதான் பெரிய செலவு. கணக்கைத் தீவனத்திலிருந்து தொடங்குங்க.

எங்கே நஷ்டம் வருகிறது?

• அதிகத் தீனி: மிச்சம் அழுகி அம்மோனியா ஏறினால், ஒரே இரவில் மொத்த மீனும் செத்துப் போகலாம். தண்ணீர் நாற்றமடித்தால் தீனியை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்க.

• அவசரம்: புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் குஞ்சுகளோடு ஆரம்பிங்க.

• அளவு வித்தியாசம்: பெரிய கெலி சிறியதைத் தின்றுவிடும். அவ்வப்போது பிரித்து விடுங்க.

• பூச்சி மருந்து: தொட்டி பக்கத்தில் தெளிக்கவே வேண்டாம்.

• கோழிக் குடல்: தண்ணீர் கெடும். முஸ்லிம் வாடிக்கையாளர்கள் தீனி ஹலாலா என்றும் கேட்பார்கள்.

• குட்டைத் தண்ணீர்: ஈயச் சுரங்க நீரில் கன உலோகங்கள் இருக்கலாம். சோதிக்காமல் பயன்படுத்தாதீங்க.

ஆப்பிரிக்கக் கெலியை ஆற்றில் விட்டுவிடாதீங்க. உள்ளூர் மீன்களுக்கு அது ஆபத்து. இந்தியா 2000ஆம் ஆண்டிலேயே அதன் வளர்ப்பைத் தடை செய்தது.

விற்கும் அளவுக்கு வளர்க்க நினைத்தால், முதலில் மாவட்ட மீன்வள இலாகாவில் பயிற்சி பற்றியும் மைகேப் சான்றிதழ் பற்றியும் விசாரிங்க.