காவல் காத்த நாகங்கள்

எவரும் நேரில் கண்டிராத ஒரு விலங்கை உலகமெல்லாம் அறிந்திருக்கிறது. சீனர் அதனை மழை தரும் ஆற்றலாகவும் பேரரசரின் சின்னமாகவும் போற்றினர். ஐரோப்பியர் குதிரைவீரனின் ஈட்டிக்கு இரையாக வரைந்தனர். பாரசீகர் அஜ்தஹா என்றனர். அரபியர் தின்னீன் என்றனர். டிராகன் என்று நாம் இன்று வழங்குவது அதனையே. கண்டால் நடுங்க வேண்டிய இப்பெருநாகத்தை மனிதன் நகையாக அணியவும் கோட்டை வாயிலில் செதுக்கவும் விழைந்தது ஏன்?

ஆப்கானிஸ்தானின் வடபகுதியில், சிபர்கான் நகருக்கு அருகே, தில்லியா தெப்பே எனும் மேடு உண்டு. பொன்மேடு என்பது அதன் பொருள். 1978-79இல் விக்டர் சரியானிதி தலைமையிலான ஆய்வாளர் குழு அங்கே ஆறு கல்லறைகளை அகழ்ந்து, 20,000க்கும் மேற்பட்ட பொற்பொருள்களை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த இணைத் தொங்கல்கள் நம் கவனத்துக்குரியவை. பொன்னில் நீலமணிகள் பதித்து, ஏறக்குறைய கி.பி. முதல் நூற்றாண்டில் செய்யப்பட்டவை அவை. முடி சூடிய ஒரு மனிதன் இருபுறமும் இரு டிராகன்களைப் பற்றி நிற்கிறான். அஞ்சத்தக்கதைக் கைப்பிடிக்குள் அடக்கிவிட்டால் அதுவே அரணாகும் என்ற எண்ணம் அவ்வுருவில் பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அதே உருவம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடந்து பக்தாதில் மீண்டும் தோன்றியது. அப்பாஸியக் கலீஃபா அந்நாஸிர், ஹிஜ்ரி 618இல், அதாவது கி.பி. 1221இல், நகரின் ஒரு வாயிலைப் புதுப்பித்தார். அதன் வளைவின்மேல் சம்மணமிட்டு அமர்ந்த ஒருவர், வாய் பிளந்த இரு டிராகன்களின் நாவுகளைப் பற்றியிருக்கும் சிற்பம் அமைந்தது. ‘பாபுத் தில்ஸம்’, மந்திரக்காப்பு வாயில், என்று பிற்காலத்தார் அதனை அழைத்தனர். துருக்கியின் ஜிஸ்ரெ நகரப் பெரிய பள்ளிவாசலின் கதவிலும் இணை டிராகன்கள் தட்டுவளையங்களாக அமைந்திருந்தன.

வானிலும் இந்த நாகம் ஊர்ந்தது. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளை முஸ்லிம் வானியலார் டிராகனின் தலை என்றும் வால் என்றும் குறித்தனர். நம் நாட்டார் இராகு, கேது என்பவையும் அப்புள்ளிகளே. பெயர் கதையிலிருந்து வந்தது. கணக்கோ அறிவிலிருந்து வந்தது. தம் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் நேர்ந்தபோது, எவருடைய இறப்பிற்காகவும் வாழ்விற்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களுக்குத் தெளிவுறுத்தியதை நாம் அறிவோம்.

இனி, அந்த நாகங்கள் காத்தனவா என்று பார்ப்போம். வாயில் எழுந்து 37 ஆண்டுகளே சென்றன. 1258இல் ஹுலாகுவின் படை பக்தாதை அழித்தது. கலீஃபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். வாயில் எஞ்சியது. 1917இல், ஆங்கிலேயப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய உதுமானியப் படையினர் வெடிமருந்துக் கிடங்காயிருந்த அவ்வாயிலைத் தகர்த்துச் சென்றனர். பிறரைக் காக்க வந்த சிற்பம் தன்னையும் காத்துக்கொள்ளவில்லை. ஜிஸ்ரெயின் வளையங்களுள் ஒன்று 1969இல் களவு போயிற்று; பின்னர் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பொன்மேட்டின் தொங்கல்களோ பிழைத்தன. 1989இல் அப்புதையல் காபூலில் மத்திய வங்கியின் நிலவறையில் ஒளித்து வைக்கப்பட்டது. போர்கள் மூண்டன, ஆட்சிகள் கவிழ்ந்தன. இடம் அறிந்த சிலர் மட்டும் வாய் திறக்கவேயில்லை. 2004இல் பெட்டிகள் திறக்கப்பட்டபோது, முதலில் அவற்றைக் கண்டெடுத்த சரியானிதியும் உடனிருந்தார். பொருள்கள் பத்திரமாக இருந்தன.

அந்நகையைக் காத்தவை அதிலிருந்த டிராகன்கள் அல்ல. அமானிதம் பேணிய மனிதர்களே. நம் பாட்டிமாரின் பெட்டிகளிலும் பழந்தாயத்துகளும் காப்புகளும் கிடக்கின்றன. நமக்குக் காவலன் இறைவன் ஒருவனே. ஆயினும் அப்பொருள்களை மூடநம்பிக்கை என்று உருக்கிவிடாமல், யார் அணிந்தது, எந்த அச்சத்தில் அணிந்தது என்று கேட்டறிந்து, அந்த வரலாற்றுடன் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.